40 டெராபைட் மீடியா சர்வருக்குக் கையைக் கடிக்காத பேக்கப்

வீட்டில் மீடியா சர்வர் வைத்திருப்பவர்களிடம் பேக்கப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "ரெய்டு போட்டிருக்கேன், கவலையில்லை" என்பது ஒன்று. "இவ்வளவுக்கும் யார் பேக்கப் எடுப்பது, போனால் போகட்டும்" என்பது இன்னொன்று. முதல் பதில் தவறு. இரண்டாவது பாதி சரி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டால்தான் செலவு குறையும்.

ரெய்டு பற்றிச் சுருக்கமாக. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை அது. ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓடுவதற்கு அது உதவும், அவ்வளவுதான். தவறான ஃபோல்டரில் நின்றுகொண்டு அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும், பவர் சப்ளை கெட்டுப்போய் அத்தனை டிஸ்க்கையும் சேர்த்துச் சுட்டாலும், திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனாலும் ரெய்டால் செய்ய ஒன்றுமில்லை. ரெய்டு போலவே, ஆனால் பாதுகாப்புத் தகவலை அவ்வப்போது மட்டும் புதுப்பிக்கும் ஸ்னாப்ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு அடுத்த புதுப்பிப்பு (சிங்க்) ஓடும்வரை அழித்த கோப்பை மீட்கும் சலுகை உண்டு. ஆனாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது.

என் சர்வரில் இப்போது 40 டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருள் ஓடுகிறது. வீட்டில் எல்லோரும் படம் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, பழைய வீடியோக்களைத் தேடுவது எல்லாம் அதில்தான். இதற்கு முழு பேக்கப் என்றால் இன்னொரு 40 வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற 3-2-1 விதியை அப்படியே பின்பற்றினால் 80. அந்த விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர். புகைப்படக்காரரின் கோப்புகள் எல்லாமே அவரே எடுத்தவை, போனால் வராதவை. நம் சர்வரில் இருப்பதில் பெரும்பகுதி அப்படிப்பட்டது அல்ல. எனவே விதியை மொத்தத்துக்கும் போடாமல், அது எந்தக் கோப்புகளுக்குத் தேவையோ அவற்றுக்கு மட்டும் போடலாம்.

பிரித்த பிறகு டிஸ்க் வாங்குங்கள்

ஒவ்வொரு ஃபோல்டரையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது நாளைக்கு இல்லை என்றால் எப்படித் திரும்ப வரும்? வராது, பாடுபட்டால் வரும், நேரம் செலவழித்தால் போதும். இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக இருக்கும். எவ்வளவு பெரிய கோப்பு என்பது இங்கே பொருட்டே இல்லை.

வராதவை என் கணக்கில் 2 டெராபைட்டைத் தொடவில்லை. குடும்பப் புகைப்படங்கள், ஹை8 டேப்பிலிருந்து மாற்றிய வீடியோக்கள், அம்மா பாடி வைத்த கேசட்டுகளின் ஒலிக்கோப்புகள். டேப் இன்னும் கையில் இருக்கிறதே என்று சொல்லலாம். அந்த டேப்பை ஓட்டும் கேமரா இன்னும் எத்தனை காலத்துக்கு ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் டிஜிட்டல் கோப்பைத்தான் மூலம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாடுபட்டால் வருபவை சுமார் 6 டெராபைட். இப்போது கடையில் கிடைக்காத டிவிடிகள், ஒளிபரப்பிலிருந்து பதிவு செய்தவை, சிடிக்களிலிருந்து ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் எடுத்து ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், இசையமைத்தவர் பெயரெல்லாம் நானே திருத்திய இசைத் தொகுப்பு. நேரம் தப்பி ஓடிய சப்டைட்டில்களை உட்கார்ந்து சரிசெய்தவையும் இதில் சேரும். சப்டைட்டில் கோப்பு சில கிலோபைட்தான். ஆனால் அதற்குப் போன மாலைப் பொழுதுகள் திரும்ப வராது.

மீதி 30 டெராபைட்டும் மூன்றாம் வகை. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகளிலிருந்து எடுத்த படங்கள். ஒரு 4கே டிஸ்க்கை அப்படியே எடுத்தால் 50 முதல் 80 ஜிபி வரை வரும். டிஸ்க்கின் கொள்ளளவே 100 ஜிபி வரை போகும். இடத்தை அடைப்பது இவைதான். ஆனால் இவற்றுக்கு பேக்கப் ஏற்கெனவே இருக்கிறது: அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் அந்த டிஸ்க்குகளே. "மறுபடி எல்லாவற்றையும் உட்கார்ந்து எடுப்பது உழைப்பு இல்லையா?" என்றால் உழைப்புதான். அதனால் சும்மா கிடக்கும் பழைய டிஸ்க் ஏதாவது இருந்தால் இந்த வகைக்கு ஒரு பிரதி போடலாம். இதற்கென்று புது டிஸ்க் வாங்குவதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

மூன்றாம் வகைக்குக் கட்டாயம் வேண்டியது ஒரு பட்டியல். கோப்பின் பெயர், அளவு, எந்த ஃபோல்டர் என்று எழுதிய சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. சர்வரே வாரம் ஒருமுறை அதைத் தயாரித்து முதல் வகை ஃபோல்டருக்குள் போடும்படி செய்துவிடுங்கள். சில மெகாபைட்தான் வரும். டிஸ்க் போன பிறகு பலரையும் வதைப்பது கோப்புகள் போனது மட்டும் அல்ல, என்னென்ன போனது என்றே தெரியாமல் இருப்பது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சர்வரின் மூளை. யார் எதைப் பார்த்து முடித்தார்கள், எந்தப் படத்தில் எங்கே நிறுத்தினார்கள், பிளேலிஸ்ட்கள், பயனர் கணக்குகள் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். ஜெல்லிஃபினிலும், அதே மாதிரி இன்னொரு மென்பொருளான பிளெக்ஸிலும் அது எஸ்கியூலைட் என்ற வகைக் கோப்பு. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டி, திறக்காமல் போகலாம். சேவையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு நகலெடுங்கள். பிளெக்ஸ் தானாகவே 3 நாளுக்கு ஒருமுறை தரவுத்தளத்தை பேக்கப் எடுக்கும் வசதி வைத்திருக்கிறது. ஆனால் இடத்தை மாற்றாவிட்டால் மூலம் இருக்கும் இடத்திலேயே அதுவும் உட்கார்ந்திருக்கும். கேஷ் ஃபோல்டரை விட்டுவிடலாம், அது மறுபடி உருவாகும். மென்பொருளைத் தனி உறைக்குள் ஓட்டும் டாக்கரில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதன் அமைப்புகளை எழுதிய கம்போஸ் கோப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் முதல் வகை.

பிரித்ததை மனதில் வைத்துக்கொண்டால் போதாது, டிஸ்க்கிலும் பிரியுங்கள். மேல்மட்டத்தில் மூன்று ஃபோல்டர்கள்: "வராது", "பாடு", "நேரம்" என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஜெல்லிஃபின் ஒரே லைப்ரரிக்குள் பல ஃபோல்டர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பேக்கப் ஸ்கிரிப்ட் மட்டும் மூன்று வரியில் முடிந்துவிடும்.

கொஞ்சம் கணக்கு

பெட்டியில் 20 டெராபைட் என்று போட்ட டிஸ்க்கை லினக்ஸில் செருகினால் 18.2 என்று காட்டும். ஏமாற்று இல்லை. விற்பவர் ஆயிரத்தின் மடங்கிலும் கணினி 1024இன் மடங்கிலும் எண்ணுகின்றன. ஆனால் வாங்கும்போது இந்த 9 சதவீதத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்டால் இன்னொரு 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கும். சிஸ்டம் டிஸ்க்கில் அது நல்லதுதான். பேக்கப் டிஸ்க்கில் அதற்கு வேலையே இல்லை. டியூன்டூஎஃப்எஸ் கட்டளையில் அந்த ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கினால் 20 டெராபைட்டில் முழுசாக 1 டெராபைட் திரும்பக் கிடைக்கும்.

நேரத்தையும் பாருங்கள். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 மெகாபைட் போனால் 40 டெராபைட்டுக்கு 4 நாளுக்கு மேல் ஆகும். இணையத்தில் மேலேற்றும் வேகம் 40 மெகாபிட் என்றால் அதே 40 டெராபைட்டுக்கு மூன்று மாதம், அதுவும் இணைப்பு ஒரு நொடிகூட ஓய்வெடுக்காமல் இருந்தால். 2 டெராபைட் என்றால் ஐந்து நாளுக்குள் முடியும். பிரிப்பதன் அருமை இங்கே தெரியும்.

சுருக்கிவைத்தால் இடம் மிச்சமாகுமே என்று தோன்றலாம். எச்.264, எச்.265 வீடியோ எல்லாம் ஏற்கெனவே பிழிந்து எடுத்தவை. மேலே எந்த ஜிப்பைப் போட்டாலும் ஒன்றிரண்டு சதவீதம்கூடக் குறைவது அபூர்வம். ஒரே மாதிரியான தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடூப்ளிகேஷனும் அப்படித்தான். படத் தொகுப்புக்கு அதை விளம்பரப்படுத்தும் மென்பொருளுக்கு அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

டிஸ்க் எங்கிருந்து

முதல் ஆதாரம் உங்கள் அலமாரி. சர்வரில் டிஸ்க்கைப் பெரிதாக்கும்போது கழற்றிய 4, 6, 8 டெராபைட் டிஸ்க்குகளை விற்காதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும் சர்வரில் வயதான டிஸ்க் ஒரு பயம்தான். மாதம் ஒருமுறை செருகி எடுக்கும் பேக்கப் வேலைக்கு அதே டிஸ்க் இன்னும் பல காலம் வரும். ஒரு யுஎஸ்பி டாக் இருந்தால் போதும், பெட்டி தேவையில்லை.

இரண்டாவது, வெளியே செருகும் 3.5 அங்குல யுஎஸ்பி டிஸ்க்குகள். அதே அளவு உள்டிஸ்க்கைவிட இவை பல சமயம் மலிவாகக் கிடைக்கும் என்பதால் சிலர் வாங்கியவுடன் கூட்டை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். பேக்கப்புக்கு உடைக்க வேண்டிய தேவையே இல்லை, அப்படியே பயன்படுத்தலாம். உடைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம். சில டிஸ்க்குகளில் சாட்டா மின்இணைப்பின் 3ஆவது பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் சுழலாமல் அடம் பிடிக்கும். அந்தப் பின்னை காப்டன் டேப்பால் மூடினால் சரியாகும். அடுத்தது, சில கூடுகளில் யுஎஸ்பி சிப்பே தரவைக் குறியாக்கம் செய்து எழுதும். நிரப்பிய பிறகு கூட்டை உடைத்தால் உள்ளே இருப்பது எதுவும் படிக்க வராது.

மூன்றாவது, நிறுவனங்களில் ஓடி ஓய்வு பெற்று, சோதித்து மறுவிற்பனைக்கு வரும் டிஸ்க்குகள். ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவில் பெரும்பாலும் இவைதான் குறைவு. நான் இவற்றைத் தயங்காமல் வாங்குவேன். ஆனால் வந்தவுடன் தரவு போட மாட்டேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் விவரத்தில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள்: இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள், படிக்கவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஓடிய மணிநேரத்தை அழித்துவிட்டுப் புதிது என்று விற்பவர்களும் உண்டு. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற தனிப்பதிவு ஒன்று இருக்கிறது. ஸ்மார்ட் விவரத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். இரண்டு இடத்திலும் மணிநேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், பேச்சே வேண்டாம்.

அப்புறம் பேட்பிளாக்ஸ் என்ற டிஸ்க் சோதனை நிரல். எழுதிச் சோதிக்கும் முறையில் நான்கு வடிவங்களை எழுதி நான்கு முறையும் திரும்பப் படிக்கும். 18 டெராபைட் டிஸ்க்குக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு மூலையில் ஓடட்டும். பெரிய டிஸ்க் என்றால் பிளாக் அளவை 8192 என்று கொடுங்கள். 4096இல் 16 டெபிபைட்டுக்கு (1024இன் மடங்கில் எண்ணும் டெராபைட்) மேல் அந்த நிரலால் எண்ண முடியாது, ஓட மறுத்துவிடும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஸ்மார்ட் எண்களைக் குறித்து வையுங்கள். நடுவில் 197 ஏறத் தொடங்கினால் அந்த டிஸ்க் நமக்கு வேண்டாம்.

எஸ்எம்ஆர் வகை டிஸ்க் என்றாலே ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ரெய்டுக்கும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கும் அது ஆகாது, உண்மை. ஒன்றின்மேல் ஒன்று படரும் தடங்கள் என்பதால் ஏற்கெனவே எழுதிய இடத்தில் மாற்றி எழுதும்போது நத்தை மாதிரி நகரும். ஆனால் ஒருமுறை எழுதிவிட்டு அப்படியே வைக்கும் படக்கோப்புகளுக்கு அதில் குறை ஒன்றுமில்லை. மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள். எஸ்எஸ்டியைத்தான் பெட்டியில் போட்டு மூடிவைக்க வேண்டாம். ஆயுள் முடியும் கட்டத்தில் உள்ள சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தரவைத் தாங்கினால் போதும் என்பதுதான் ஜெடெக் என்ற தரநிலை அமைப்பின் தரநிலை கேட்பது.

ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி

பேக்கப் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய தொகுதியாக ஆக்குவதை நான் விரும்புவதில்லை. தனித்தனியாக வைத்தால் ஒன்று செத்தால் அதில் இருந்தது மட்டும் போகும். மூலம் சர்வரில் இருக்கிறது, வேறு டிஸ்க்கில் மறுபடி எழுதினால் முடிந்தது. எந்த டிஸ்க்கையும் எந்தக் கணினியிலும் செருகிப் படிக்கலாம். அளவும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. 4, 8, 14 என்று கையில் என்ன கிடைக்கிறதோ அது.

எந்த ஃபோல்டர் எந்த டிஸ்க்குக்கு என்று ஒரு வரைவு எழுதிக்கொள்ளுங்கள். கோப்பு அளவைப் பார்த்துத் தானாக நிரப்பும் ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கின்றன. நான் பயன்படுத்துவதில்லை. "பாடு" ஃபோல்டரில் இசை ஒரு டிஸ்க், பதிவுகள் ஒரு டிஸ்க் என்று தெளிவாக இருந்தால் அவசரத்தில் தேட வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் காலியாக விடுங்கள், தொகுப்பு வளரும். டிஸ்க்கின் மேல் எண் ஒட்டி, அதே எண்ணை ஃபைல் சிஸ்டத்தின் பெயராகவும் வையுங்கள். ஸ்கிரிப்ட் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் இயங்க வேண்டும். டிஸ்க்கைச் செருகாதபோதும் அதன் காலி ஃபோல்டருக்குள் எழுதிச் சர்வரின் சிஸ்டம் டிஸ்க்கை நிரப்பிவிடும் விபத்து அப்போதுதான் நடக்காது.

வீட்டை விட்டு வெளியே போகும் டிஸ்க்குக்கு லினக்ஸின் லக்ஸ் குறியாக்கம் போடுங்கள். விண்டோஸ் என்றால் வெராகிரிப்ட். லக்ஸில் தலைப்பகுதி கெட்டால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே போக முடியாது. அந்தத் தலைப்பகுதியை மட்டும் தனியாக நகலெடுத்து வேறு இடத்தில் வைக்க ஒரு கட்டளை உண்டு. சிறிய கோப்புதான், கட்டாயம் செய்யுங்கள். மூன்றாம் வகை டிஸ்க்குக்குக் குறியாக்கம் எதற்கு? திருடியவன் படம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆர்சிங்க் போதும்

பெரிய கோப்புகளை டிஸ்க்குக்கு நகலெடுக்க ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையை மிஞ்சிய ஒன்று இதுவரை எனக்குத் தேவைப்படவில்லை. ஆர்க்கைவ் தேர்வோடு ஓட்டினால் நேரம், அனுமதிகள் எல்லாம் அப்படியே போகும். இரண்டாம் முறையிலிருந்து புதிதாக வந்தவற்றையும் அளவோ நேரமோ மாறிய கோப்புகளையும் மட்டும் எழுதும்.

தொடர்களையும் படங்களையும் தானாக இறக்கி அடுக்கும் சோனார், ரேடார் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஹார்ட்லிங்க். இறங்கிய ஃபோல்டரிலும் லைப்ரரியிலும் ஒரே கோப்பு இரண்டு பெயரில் இருக்கும். சர்வரில் ஒரு இடம்தான் பிடிக்கும். ஆர்சிங்க்கில் கேப்பிட்டல் எச் தேர்வைப் போடாவிட்டால் பேக்கப்பில் அது இரண்டு கோப்பாகி இடம் இரட்டிக்கும். அந்தத் தேர்வும் இரண்டு ஃபோல்டரும் ஒரே ஓட்டத்தில் போனால்தான் வேலை செய்யும். இதைவிட எளிது, லைப்ரரி ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது.

அழித்தல் தேர்வில்தான் ஆபத்து இருக்கிறது. சர்வரில் அழிந்ததை பேக்கப்பிலும் அழிக்கச் சொன்னால், தவறுதலாக அழிந்ததும் அன்றிரவே பேக்கப்பிலிருந்து போய்விடும். மூன்று பாதுகாப்புகள் உண்டு. டிரை-ரன் தேர்வில் ஓட்டி என்ன செய்யப்போகிறது என்று முதலில் பார்க்கலாம். மேக்ஸ்-டெலீட் தேர்வில் இத்தனை கோப்புக்கு மேல் அழிக்காதே என்று வரம்பு போடலாம். நான் 50 வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம் ஏதோ நடந்திருக்கிறது. பேக்கப்-டிர் தேர்வில் அழியவேண்டியதும் மாறியதும் தேதி போட்ட ஒரு ஃபோல்டருக்கு நகரும், சில மாதம் கழித்துக் கையால் காலி செய்துகொள்ளலாம். முதல் வகைக்கு இந்த மூன்றும் இல்லாமல் அழித்தல் தேர்வைத் தொடாதீர்கள்.

சத்தமில்லாமல் கோப்பு கெட்டுப்போவதை ஆர்சிங்க் கண்டுபிடிக்காது. அளவும் நேரமும் அப்படியே இருக்கும் அல்லவா. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு, எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் அந்த வேலையைச் செய்யும். இஎக்ஸ்டி4 என்றால் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 செக்சம் பட்டியல் ஒன்று எடுத்து டிஸ்க்கிலேயே போட்டுவையுங்கள். வருடம் ஒருமுறை சரிபார்த்தால் போதும். சர்வரும் பேக்கப்பும் இரண்டுமே இசட்எஃப்எஸ் என்றால் இந்தப் பகுதியையே தாண்டிப்போகலாம். அந்த நொடியின் நிலையை அப்படியே பதிந்து (ஸ்னாப்ஷாட்) அனுப்பும் முறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், சின்காய்டு என்ற ஸ்கிரிப்ட் அதைத் தானியங்கி ஆக்கும்.

வீட்டுக்கு வெளியே ஒன்று

தீ, வெள்ளம், திருட்டு மூன்றுக்கும் வேறு தீர்வு கிடையாது. மலிவான வழி, ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க். ஒன்று வீட்டில், ஒன்று தம்பி வீட்டில். போய் வரும்போதெல்லாம் மாற்றிக்கொள்கிறோம். எந்த நேரமும் ஒன்று மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாமல் தனியாகக் கிடப்பதால் ரான்சம்வேருக்கும் அது எட்டாது. ஆன்ட்டி-ஸ்டாட்டிக் உறை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை, மெத்தென்ற பெட்டி போதும். அலுவலக மேசை இழுப்பறையும் இதற்குத் தோதான இடம்தான்.

போய் வர முடியாத தூரம் என்றால் உறவினர் வீட்டில் ஒரு சின்னப் பெட்டி ஓட்டலாம். ராஸ்பெர்ரி பை 4, அதில் ஒரு யுஎஸ்பி டிஸ்க். நடுவில் இரண்டு வீட்டுக்கும் பாதுகாப்பான தனிவழி போடும் வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ போட்டால் அவர்கள் ரவுட்டரில் கதவு திறக்க வேண்டியதில்லை. முதல் பிரதியை உங்கள் வீட்டிலேயே எடுத்து முடித்துவிட்டு டிஸ்க்கைக் கொண்டுபோய் வையுங்கள். அப்புறம் போவது புதிதாகச் சேர்ந்தவை மட்டும்தான். வெளியே இருக்கும் பெட்டி சர்வரிடமிருந்து இழுத்துக்கொள்ளும்படி அமைப்பது நல்லது. சர்வருக்கு அந்தப் பெட்டியின் சாவி இருக்கக் கூடாது. அப்போது சர்வரில் புகுந்தவனால் அங்கே எதையும் அழிக்க முடியாது. கைம்மாறாக அவர்கள் புகைப்படங்களுக்கு உங்கள் சர்வரில் இடம் கொடுங்கள், மின் கட்டணத்துக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

சிங்த்திங் என்ற மென்பொருளை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். அது ஒத்திசைவுக்கானது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை இயக்கினால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை.

மேகம், முதல் வகைக்கு மட்டும்

2 டெராபைட்டுக்கு மேகம், அதாவது வாடகை இணையச் சேமிப்பு, தாங்கும். 40க்குத் தாங்காது. "அன்லிமிடெட்" என்ற சொல்லை நம்பிப் பெரிய தொகுப்பை ஏற்றியவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். அமேசான் டிரைவ் 2017இல் அளவில்லாத் திட்டத்தை நிறுத்தியது. கிராஷ்பிளான் அதே வருடம் வீட்டுப் பயனர்களுக்கான சேவையை மூடுவதாக அறிவித்தது. டிராப்பாக்ஸ் 2023இல் வரம்பு போட்டது. பேக்பிளேஸின் தனிநபர் திட்டம் இன்றும் இருக்கிறது, ஆனால் விண்டோஸ், மேக் கணினிகளுக்குத்தான். லினக்ஸ் சர்வரும் நெட்வொர்க் டிஸ்க்கும் அதில் சேராது. அளவுக்குத் தக்கபடி பணம் வாங்கும் பேக்பிளேஸ் பி2, ஹெட்ஸ்னர் ஸ்டோரேஜ் பாக்ஸ் போன்றவை நம் வேலைக்குப் பொருந்தும்.

அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் சேமிப்பைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வரும், மாத வாடகை அவ்வளவு குறைவு. ஆனால் குறைந்தது 180 நாளுக்கான வாடகை கட்டியாக வேண்டும். கோப்பைத் திரும்பக் கேட்டால் வெளியே எடுத்து வைக்கவே 12 மணி நேரம் வரை ஆகும், மலிவு முறையில் 48 வரை. அதன் பிறகு இறக்குவதற்கான கட்டணம் பல வருட வாடகைக்குச் சமம். வீடே எரிந்தால் மட்டும் திறக்கும் மூன்றாவது பிரதி என்று முடிவு செய்து வைத்தால் சரி. வேறு எதற்கும் சரிவராது.

ஏற்றுவதற்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள். குறியாக்கம் அதிலேயே உண்டு, பழைய நிலைகளை வைத்திருக்கும், பல சேவைகளோடு நேரடியாகப் பேசும். மாதம் ஒருமுறை செக் கட்டளையில் தரவின் ஒரு பங்கை மட்டும் படித்துச் சரிபார்க்கச் சொல்லலாம். முழுவதையும் ஒரே நேரத்தில் இறக்கிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

டேப் பற்றி ஒரு பத்தி. எல்டிஓ என்பது தரவு சேமிக்கும் நாடா வகை. எல்டிஓ-5 நாடா ஒன்றில் 1.5 டெராபைட், எல்டிஓ-6இல் 2.5, எல்டிஓ-7இல் 6 கொள்ளும். நாடா மலிவு, டிரைவ்தான் விலை. பழைய தலைமுறை டிரைவ் இரண்டாம் கையில் கிடைத்தாலும் அதைக் கணினியோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டு, கேபிள், சுத்தம் செய்யும் நாடா எல்லாம் தனி. வேகமாகத் தரவு கொடுக்காவிட்டால் நாடா முன்னும் பின்னும் ஓடித் தேயும். 100 டெராபைட்டைத் தாண்டியவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்குக் கீழே என்றால் அது பொழுதுபோக்கு. தவறு ஒன்றுமில்லை, ஆனால் சிக்கனம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

திரும்ப வருகிறதா

டிஸ்க் மாற்றும் நாளில் வெளியிலிருந்து வந்த டிஸ்க்கைச் சர்வரில் செருகாமல் லேப்டாப்பில் செருகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சில கோப்புகளைத் தேர்ந்து, நடுவிலும் கடைசியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். ரெஸ்டிக் பிரதியையும் சர்வரின் உதவி இல்லாமல் வேறொரு கணினியில் திறந்து ஒரு ஃபோல்டரை மீட்டுப் பாருங்கள். பாஸ்வேர்டு சர்வரில் மட்டும்தான் இருக்கிறது என்பது அப்போது தெரியவந்தால் நல்லது, சர்வர் எரிந்த பிறகு தெரிந்தால் பயனில்லை. ஜெல்லிஃபின் தரவுத்தளத்தையும் ஒரு காலி டாக்கரில் ஏற்றி, பயனர் பெயர்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு காகிதம். எந்த எண்ணுள்ள டிஸ்க்கில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, லக்ஸ் பாஸ்வேர்டும் ரெஸ்டிக் பாஸ்வேர்டும் என்ன, எந்த மேகச் சேவை, எந்த மின்னஞ்சல் என்று கையால் எழுதுங்கள். லினக்ஸ் தெரியாத ஒருவர் அதைக் கொண்டுபோய்த் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் வேலை நடக்கும்படி இருக்க வேண்டும். என் மனைவியிடம் படிக்கக் கொடுத்து, அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிலைச் சேர்த்து மறுபடி எழுதினேன். இரண்டு பிரதி போதும். ஒன்று வீட்டுப் பத்திரங்களோடு, இன்னொன்று தம்பியிடம். அவனிடம் இருக்கும் காகிதத்தை டிஸ்க் இருக்கும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.